தண்ணீர் பாய்ச்சுகிறவர் வீட்டுச் செடி

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வைரக்கண்ணுவுக்கு வேலையே மடை திறந்து ஊரார் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதுதான். ஒரு மூலை காய்ந்துகிடந்தாலும் மனிதருக்குச் சோறு இறங்காது. தண்ணீர் கூடிப்போய் ஒரு பயிர் கெட்டது என்று அவர் ஒத்துக்கொண்டதே இல்லை. வெள்ளம் வந்த வருஷம்கூட வடிகாலைத்தான் திட்டினார்.

மனைவி மாலதி மஸ்கட்டில் தாவரவியல் டீச்சர். போன லீவுக்கு வந்தபோது, கொழுத்த இலைகளோடு ஒரு சின்னச் செடியைக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தாள்.

"அங்க எனக்குத் துணையா இருந்ததுங்க. சித்திரையில வர்றவரைக்கும் பத்திரமா பாத்துக்குங்க."

பத்திரம் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். காலையில் ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு. இலைகள் வெளுத்தபோது, தாகம்போல என்று இன்னொரு செம்பும் ஊற்றினார். தண்டு கொழகொழவென்று சாய்ந்த அன்று பதறிப்போய் மாலதிக்கு விடாமல் போன் போட்டார். வகுப்பில் இருந்தவள் சாயங்காலம்தான் எடுத்தாள்.

"மாலதி, கொன்னுட்டேன் போலருக்கு."

திட்டுவாள் என்று நினைத்தார். அவள் சிரித்துவிட்டாள்.

"நம்ம குளத்துத் தாமரை தண்ணி மேலயே கிடக்குது. அதனால அதோட இலை மூச்சு விடுற வாசலெல்லாம் மேல்பக்கம். பூவரச இலைக்குப் பெரும்பாலும் அடிப்பக்கம், நேரா வெயில் படாம. இது பாலைவனத்துக்காரிங்க. வாசலே கொஞ்சம்தான். அதையும் பகல்ல சாத்திக்கிட்டு, பொழுதுபோனாத்தான் திறக்கும். இலைக்குள்ளயே குளம் வெட்டி வச்சிருக்கறவளுக்கு நீங்க வேற ஊத்துனா?"

"இப்ப என்ன செய்ய?"

"அழுகாத இலை இருந்தா எடுத்துக் காஞ்ச மணல்ல வைங்க. நான் சொல்ற வரைக்கும் தண்ணி ஊத்தாதீங்க."

ஒரே ஒரு இலை தேறியது. அப்புறம் அவர் பட்ட பாடு இருக்கிறதே! ஊருக்கெல்லாம் மடை திறந்துவிட்டு வந்து, சுருங்கிக்கொண்டே போகும் அந்த இலைக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்பது கொடுமையாக இருந்தது. கை தானாகச் செம்பைத் தேடியது. ஒருநாள் செம்பைத் தூக்கிப் பரண்மேல் போட்டார். அதோடு, பகலில் நினைத்தபோதெல்லாம் மாலதிக்குப் போன் போடுவதையும் நிறுத்திக்கொண்டார். செம்பை விட்டதைவிட இது கஷ்டமாக இருந்தது.

தை அறுப்பு சமயத்தில் இலையின் அடியில் கடுகளவு துளிர் எட்டிப்பார்த்தது. அன்று பொழுதுபோனதும் அவளே கூப்பிட்டாள். துளிரைப் பற்றிச் சொன்னதும் சந்தோஷப்பட்டவள், கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

"ஏங்க, இப்பல்லாம் பகல்ல போனே காணோமே. கோவமா?"

"கோவமென்ன? நீயும் பகல்ல சாத்திக்கிறவதானே. அளவா இருப்போம்னு பாத்தேன்."

மாலதி அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"செடிதாங்க பாலைவனத்துக்காரி. நான் நம்ம ஊர்க்காரி. நீங்க பழையபடி போடுங்க."