டிகிரிக்கு ஒரு நாற்காலி

டைல்ஸ் குடோனில் அவரை எல்லோரும் 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு இத்தனை வருஷமாகப் பெட்டி தூக்கும் மனிதருக்கு இந்தப் பட்டம் சும்மா வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் அட்டையை விரித்துக் கட்டையைச் சாய்ப்பார்கள். இவர் மட்டும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனில் பாடம் கேட்பார்.

வயது வந்தவர்களுக்கென்று ஒரு இணையதளம் குறும்படிப்புகளை இலவசமாக வைத்திருந்தது. தேனீ வளர்ப்பு, இதய நோய், நட்சத்திரங்கள், கடன் வாங்காமல் குடும்பம் நடத்துவது என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. இவருக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் அதைவிடக் குறைவு. ஆனாலும் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"தேனீக்கு அஞ்சு கண்ணாம்டா" என்பார் பக்கத்தில் படுத்திருப்பவனிடம்.

"எனக்கு இருக்கிற ரெண்டு கண்ணையும் கொஞ்சம் மூட விடுங்கண்ணே."

அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சின்ன வயதில் கிடைக்காதது இப்போது கேட்பாரில்லாமல் கொட்டிக் கிடக்கிறதே என்ற சந்தோஷம் அவருக்கு. அந்தச் சந்தோஷத்தோடு நின்றிருந்தால் ஒரு பாவமும் வந்திருக்காது.

அவருடைய முழங்கால்கள் எப்போதோ கைவிரித்துவிட்டன. காலையில் படுக்கையை விட்டு எழவே சுவரைப் பிடித்தாக வேண்டும். அந்த நேரத்தில்தான் குடோனில் சரக்குக் கணக்கு பார்த்தவர் வேலையை விட்டுப் போகப்போவதாகச் செய்தி வந்தது. சரக்கு மேலாண்மை பற்றி ஏதாவது ஒரு குறும்படிப்பு முடித்த சான்றிதழ் இருந்தால், உள்ளேயே இருக்கும் ஆளுக்கு அந்த நாற்காலியைக் கொடுப்பதாக மேலாளர் சொன்னார். டிகிரிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டி தூக்காமல் சாகலாம் என்று ஒரு வழி தெரிந்தால் யாருக்குத்தான் இறங்கும்?

அதே தளத்தில் அந்தப் படிப்பும் இருந்தது. வாரத்துக்கு ஒரு பாடம்தான் திறக்கும். அவசரம் என்று சொன்னால் அதற்குக் காது கேட்காது. பொறுமையாகப் படித்தார். ஒரே சமயத்தில் சூளையில் வெந்த டைல்ஸைத்தான் ஒரே வீட்டுக்கு அனுப்ப வேண்டும், மாற்றினால் தரை பாதி வெளுப்பு பாதி பழுப்பாகப் பல்லிளிக்கும் என்பது அவருக்குத் தோளால் தெரிந்த விஷயம். அதைக் கணினியில் எப்படிப் பிரித்து ஏற்றுவது என்பதுதான் புதுசு. கடைசித் தேர்வில் எல்லாக் கேள்விக்கும் பச்சை விழுந்தபோது, வயசை மறந்து மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. அந்தப் போன் மகள் பழசாக்கிக் கொடுத்தது. கல்லூரியில் கடைசி வருஷத்துக்குக் காலெடுத்து வைக்கும் பெண். போனில் இருந்த கணக்கெல்லாம் அவள் பேரில்தான் இருந்தன. பாடத்தைத் திறக்கும்போதெல்லாம் அது அவள் பேரைச் சொல்லித்தான் வணக்கம் வைக்கும். பழைய முதலாளியை மறக்கவில்லை போல என்று இவர் சிரித்துக்கொள்வார். தன்னைத்தான் அது மகளென்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை. தெரு முனைக் கடையில் அச்செடுத்த சான்றிதழ்த் தாளையும் மடங்காமல் கொண்டுபோக வேண்டுமே என்ற கவலையில் படிக்காமலே கொடுத்துவிட்டார்.

மேலாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உங்க பேரு இல்லையேண்ணே."

"எம் பொண்ணு பேரு சார். போன் அவளோடது. படிச்சது நான்தான், என்ன வேணா கேளுங்க."

"எனக்குத் தெரியும்ணே. மேலிடத்துக்குக் காகிதம்தான் தெரியும். தலையை ஃபைல்ல போட்டு அனுப்ப முடியுமா?"

"திரும்பவும் எம் பேர்ல படிச்சு முடிச்சுடறேன் சார்."

"திங்கக்கிழமை அந்த நாற்காலியில ஆள் உக்காரணும்." நல்ல மனிதர், நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். "பொண்ணையே அனுப்புங்களேன். வேலை உங்க வீட்டை விட்டு வெளியே போகாதுல்ல?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னார். பிள்ளையிடம் மூச்சு விடக் கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். அவளும் தலையாட்டினாள். மறுநாள் காலையில் அவர் சுவரைப் பிடித்து எழுவதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு தாளவில்லை, மகளிடம் கொட்டிவிட்டாள். அவளைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

"நான் போறேம்பா. ஒரு வருஷம் வேலை பார்த்துட்டு அப்புறமா படிச்சுக்கிறேன்."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம். நான் தூக்குவேன்."

"எத்தனை நாளைக்குப்பா?"

அப்புறமா படிச்சுக்கிறேன் என்று சொல்லித்தான் அவரும் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவர். அந்த அப்புறம் எவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவளைத் தடுக்கவில்லை. அவள் ஒரு சம்பளம் வீட்டுக்குக் கொண்டுவந்தால் அடுத்த வருஷமாவது தான் பெட்டியை இறக்கி வைக்கலாம் என்று ஒரு ஓரத்தில் நினைத்ததற்காக அன்று முழுக்கத் தன்னையே காறித் துப்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை மகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கணினி அவளைப் பார்த்து முழித்தது, அவள் கணினியைப் பார்த்து முழித்தாள். சரக்கு ஏற்றி முடித்ததும் லோடுமேன் அந்த நாற்காலியில் இருப்பவரிடம் சீட்டை நீட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கினால்தான் வண்டி நகரும். முதல் வண்டிக்கு ஏற்றியவர் டிகிரிதான். சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, சீட்டோடு மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

அப்பாவைப் பார்த்ததும் அவள் சட்டென்று எழுந்து நின்றாள்.

பின்னால் நின்ற மேலாளர் சிரித்தார். "உக்காரும்மா. லோடுமேன் வந்தா எந்திரிக்க வேண்டியதில்ல."

அவள் உட்காராமல் அப்பாவையே பார்த்தாள்.

"சார் சொல்றாருல்ல," என்றார் டிகிரி. "உக்காரும்மா."