மணிக்கு நூற்றிப்பத்து

கிடங்கில் அவளை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிட்டார்கள். அட்டைப்பெட்டியை மடித்து, பொருளை வைத்து, டேப் ஒட்டி அவள் தள்ளிவிடும்போது மற்றவர்கள் டேப்பின் நுனியைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள். மணிக்கு எண்பது பார்சல் என்பது விதி. மின்னல் நூற்றிப்பத்து கட்டினாள்.

சும்மா இல்லை. "இப்படியே மூணு மாசம் ஓட்டும்மா, உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நானே எழுதித் தர்றேன்" என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அவள் ஒப்பந்தத்தில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கழிப்பறைக்குப் போனால் பத்து பார்சல் போய்விடும் என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் நின்றாள்.

மூன்று மாதம் முடிந்த திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். இனி எல்லோருக்கும் மணிக்கு நூற்றிப்பத்து. நிரந்தரத்தைப் பற்றிக் கேட்டாள். "மேலிடத்துல யோசிக்கிறாங்க" என்றார் மேற்பார்வையாளர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பக்கத்து மேஜையில் வாயாடி. இவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். மேற்பார்வையாளர் மாதிரியே தும்மிக் காட்டி வரிசையையே சிரிக்க வைப்பாள். தாள் ஒட்டிய பிறகு அவளும் வாய் திறக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தொண்ணூற்றைந்தை எட்டினாள். அதற்கு மேல் கை வரவில்லை. மணிக்கட்டு வீங்கியது. மூன்றாவது வாரம் அவள் போனுக்குச் செய்தி வந்தது: நாளை முதல் வர வேண்டாம்.

விடுமுறை நாளில் மின்னல் வாயாடியின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த வாயாடியின் அம்மா, "வாம்மா, உன்னை மாதிரி வேகம் யாருக்கும் வராதுன்னு என் பொண்ணு சொல்லிக்கிட்டே இருப்பா" என்றாள். அதற்குப் பதில் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம்.

வாயாடி இடக்கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வலக்கையில் கட்டு.

"என்னாலதான். நான் அப்படி ஓடாம இருந்திருந்தா..."

"தெரியும். உன்மேல கோவமாத்தான் இருந்தேன்," என்றாள் வாயாடி. "சரி, நிரந்தரம் பண்ணிட்டாங்களா?"

"இல்ல."

வாயாடியின் கை நின்றது. "உனக்காவது கிடைச்சிருந்தா, ஒருத்தியாவது தப்பிச்சான்னு மனசு ஆறியிருக்கும்."

மின்னல் குவியலிலிருந்து ஒரு துணியை எடுத்து மடித்தாள்.

மறுநாளிலிருந்து எண்பதோடு நிறுத்தினாள். ஒரு வாரம் கழித்து மேற்பார்வையாளர் கூப்பிட்டு, அவளுடைய பழைய எண்ணிக்கையையே திரையில் காட்டினார். "முடியாததையா கேட்கிறோம்? நீயே கட்டியிருக்கியே!"

"தண்ணி குடிக்காம கட்டினது சார் அது. அதையும் எழுதிக்குங்க."

அவர் எழுதியது எச்சரிக்கைக் கடிதம். பலகையில் தாள் அப்படியே இருந்தது.

அன்று மதியச் சாப்பாட்டின்போது மின்னல் வரிசைக்காரிகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மேற்பார்வையாளர் கொடுத்த வாக்கு, குடிக்காத தண்ணீர், ஒன்றையும் விடவில்லை. "என் ஆசைக்கு உங்களையும் மாட்டிவிட்டுட்டேன்" என்றாள். ஒருத்தி மட்டும் தன் சாப்பாட்டு டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள்.