உமிக்குள் வைத்த சோறு

பள்ளி ஆய்வகத்தில் வெப்பம் அளக்கும் கலோரிமீட்டரின் செப்புக் குவளையில் வெந்நீர் ஊற்றி, பஞ்சடைத்த மரப்பெட்டிக்குள் வைத்து மூடினேன். "யாரும் திறக்காதீங்க, சூடு போயிடும்" என்று மாணவிகளிடம் சொன்னபோது அது அம்மாவின் குரலாக இருந்தது.

என் சின்ன வயதில், துபாய்க்குப் போன அப்பா முதன்முறையாகப் பாபநாசம் திரும்பவேண்டிய நாள் அது. பொன்னி அரிசிச் சோற்றுப் பானையை அம்மா உமி நிரப்பிய பெட்டிக்குள் புதைத்துச் சாக்கால் மூடினாள். நான் சாக்கைத் தொட்டாலே, "தொறக்காதடி, அப்பா சுடச்சுடச் சாப்பிடணும்" என்றாள்.

மதியம் எதிர்வீட்டுக்குப் போன் வந்தது. விமானம் ஏறக் கிளம்பும்போது துபாய் அறையிலேயே மாரடைப்பில் அப்பா போய்விட்டார்.

சாயங்காலம் அழுகைக் கூட்டத்திலிருந்து எழுந்துபோய் அம்மா பானைக்குள் கைவிட்டுப் பார்த்தாள்.

"இன்னும் ஆறலடி" என்றாள். மறுபடி சாக்கை இழுத்து மூடினாள்.

எந்தப் பெட்டியிலும் சூடு மெல்லக் கசிந்துவிடும் என்பதை மாணவிகளுக்கு அடுத்துச் சொல்லவேண்டும். நான் பெட்டியின் மூடியை இன்னும் கொஞ்சம் அழுத்தி மூடினேன்.