ஒரு சொம்பு சிறுவாணி

என் மனைவி பொன்னானிக் கடற்கரையிலிருந்து ஒரு வாளி மணலோடு கோவைக்கு வந்து இறங்கியபோது நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "ஊடு கட்டப் போறயா, அம்மணி?" என்றேன். அவள் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவள். ஆராய்ச்சிப் பட்டத்துக்காக, மணலுக்கும் மணலுக்கும் இடையில் குடியிருக்கும் கடற்புழுக்களைத் தேடுகிறாள். நான் கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிறவன், எனக்கெங்கே புரியும்?

மைக்ரோஸ்கோப்பில் சாயமேற்றிய செத்த புழு ஒன்றைக் காட்டினாள். அடேயப்பா! என் தறியில் ஓடும் நூலைப் பிரித்தால் வரும் ஒற்றை இழை அளவுதான் இருந்தது. அதற்குள் வாய், குடல், முட்டை எல்லாம் உண்டாம். அலை அடித்தால் வாலில் சுரக்கும் பசையால் மணலை இறுக்கிக்கொள்ளுமாம். அதனாலேயே உயிரோடு ஒன்றைக்கூட அவளால் பிரித்தெடுக்க முடியவில்லை. பேராசிரியரோ ஞாயிறு காலை வீட்டுக்கே வருவதாகவும், உயிருள்ள புழுவைக் காட்டாவிட்டால் தலைப்பை மாற்றிக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டார். இரண்டு வருட உழைப்பு.

அந்த ஞாயிறு அவள் குளிக்கப் போயிருந்தாள். கடைசியாக மிஞ்சிய பிடி மணல் கண்ணாடிக் கிண்ணத்தில் மேலாகக் காய்ந்து கிடந்தது. பாவம், உள்ளே உசுரு தவிக்குமே என்றிருந்தது. கோயமுத்தூர்க்காரனுக்கு வேறென்ன தோன்றும்? ஒரு சொம்பு சிறுவாணித் தண்ணீரை ஊற்றினேன்.

"ஏனுங்க! கடல் புழு நல்ல தண்ணியில ஊதிச் செத்துப்போகுமுங்க! கொன்னுபோட்டீங்களே!"

ஈரத்தலையோடு ஓடிவந்தவள் கிண்ணத்தைச் சுழற்றி, தண்ணீரை மட்டும் மெல்லிய சல்லடைத் துணியில் வடித்து, துணியை உடனே மணலோடு கொண்டுவந்திருந்த கடல் தண்ணீரில் முக்கினாள். அதில் ஒரு சொட்டை எடுத்து லென்ஸுக்கடியில் வைத்துக் குனிந்தவள் லென்ஸைத் திருகித் திருகிப் பார்த்தாள்.

"வந்து பாருங்க."

ஏழெட்டுப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன! "நல்ல தண்ணி பட்டதும் பதறிப்போய் பிடியை உட்டுருச்சுங்க. இன்னுங் கொஞ்ச நேரம் உட்டிருந்தா அத்தனையும் போயிருக்கும். இப்படிப் பிரிக்கலாம்னு படிச்சிருக்கேன். எனக்குத்தான் ஊத்தத் தைரியம் வரலை."

ஒரு புழு கண்ணாடியில் வாலை ஊன்றியது. இங்க் பில்லரால் தண்ணீரைப் பீய்ச்சினாள். உடம்பு தள்ளாடியது, வால் அசையவே இல்லை. இத்தனூண்டு உடம்புக்கு இத்தனை வீம்பா! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அழைப்பு மணி அடித்தது. லென்ஸில் கண்ணை வைத்த பேராசிரியர் எழுந்திருக்கவே இல்லை. "எப்படிம்மா பிரிச்சே?" என்றார்.

"ஊட்டுக்காரருதானுங்க பிரிச்சுக் குடுத்தாரு" என்றாள், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல்.

சொம்பு இன்னும் என் கையிலேயே இருந்தது.