இழுக்காத கை

சமையலறை நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள் சுபாஷிணி. எதிரே அடுப்பும் மிக்ஸியும். வலக்கை காற்றில் எதையோ பிடித்திருக்கிறது. உதடுகள் முணுமுணுக்கின்றன: "இழுக்காதே. மூக்கு இங்கே. பவர் இங்கே. காத்திரு."

"தோசை ஆறிப்போறது. இப்போ எங்கேயாக்கும் பறக்கறாய்?" என்கிறாள் அம்மா அனந்தலக்ஷ்மி.

"கடலுக்கு மேலேம்மா. ரெண்டு மினிட்."

கொச்சியில், கொச்சங்காடியில் சுக்குக் கிடங்குக்கு மேல்மாடி அவர்கள் வீடு. மூட்டை இறக்குகிறவர்களுக்கு அவள் 'பைலட் சேச்சி'. சீருடையில் படியிறங்கினால் லாரியை ஒதுக்கி வழிவிடுவார்கள்.

இந்தப் பழக்கம் போன வருஷம் தொற்றிக்கொண்டது. பயிற்சிக்கான சிமுலேட்டரில் ஒருநாள் வேகமானிகள் ஆளுக்கொரு வேகம் காட்டின. எச்சரிக்கை அலறியதும் அவள் பதறி, மூக்கை ஏற்றி இறக்கும் பிடியைப் பின்னுக்கு இழுத்தாள். வழக்கமாக விமானி எவ்வளவு இழுத்தாலும் கம்ப்யூட்டர் விமானத்தை எல்லை மீற விடாது. மூக்கை அதுவே தடுத்து நிறுத்தும். வேகம் இன்னதென்று தெரியாதபோதோ அந்தக் காவலும் விலகிவிடும். மூக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்து விமானம் விழுந்தது; திரையில் கடல் மேலேறி வந்து விழுங்கிற்று.

மறுமுறை தேறிவிட்டாள். மனம் ஆறவில்லை. "பாஸானது மூளையாக்கும். கை இன்னும் ஃபெயில்தான்" என்று அம்மாவிடம் சொன்னாள். அன்றிலிருந்து காலை தோறும் இந்த நாற்காலி.

மழைக்காலத்தில் மஸ்கட்டிலிருந்து திரும்பும்போது அது நிஜமாகவே நடந்தது. மேகத்துக்குள் வேகம் அளக்கும் குழாய்களைப் பனி அடைத்தது. ஆட்டோபைலட் தானே கழன்றுகொண்டது. விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். விழப்போகிறோம் என்று அலாரம் கத்தியது. கை இழுக்கத் துடித்தது.

இழுக்கவில்லை. மூக்கைப் பழகிய கோணத்தில் வைத்தாள். என்ஜின் விசையைப் பழகிய அளவில் நிறுத்தினாள்.

"சுபா, கண்ட்ரோலை என்கிட்டே கொடுக்கறயா?" என்றார் கேப்டன் சிவசங்கரன்.

"வேண்டாம் சார். பிடிச்சுண்டிருக்கேன். நீங்க செக்லிஸ்ட் வாசியுங்கோ."

அவர் வாசித்தார். அலாரம் கத்திக்கொண்டே இருந்தது. அவள் காத்திருந்தாள். மேகம் கலைந்து பனி உருகியதும் வேகமானிகள் ஒவ்வொன்றாக ஒரே எண்ணுக்கு வந்து சேர்ந்தன. கொச்சியில் ஈர ஓடுபாதையில் கையாலேயே இறக்கினாள்.

பயணிகள் இறங்கும்போது கதவருகே வந்து நின்றாள். கைப்பையோடு தடுமாறி வந்த முதியவர் ஒருவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல லேண்டிங் மோளே. இப்போ எல்லாம் கம்ப்யூட்டர் அல்லே?"

"அதே அங்கிளே" என்று ஆமோதித்தாள் சுபாஷிணி. இழுக்காத அந்த வலக்கையால் அவர் பையை வாங்கிக் கதவுக்கு அப்பால் வைத்தாள்.