காலண்டர்காரர் வீட்டுச் சர்க்கரை

எனக்கு முதல் வேலை சிவகாசியில் கிடைத்தது. அறுபதுகளின் தொடக்கம். நர்ஸ் படிப்பை முடித்த கையோடு, ஒரு டிரங்குப் பெட்டியும் அம்மா கட்டிக்கொடுத்த சேவுப் பொட்டலமுமாகச் சாத்தூரிலிருந்து வந்து இறங்கினேன். அரசு ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் போட்டுவிடுவார்களோ என்று வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தவளை, வெளிநோயாளிகள் பக்கம் ஒரு மூலையில் ஸ்பிரிட் விளக்கின் முன்னால் உட்கார வைத்தார்கள்.

திங்கட்கிழமைதோறும் சர்க்கரை வியாதிக்காரர்கள் வருவார்கள். காலையில் பிடித்த சிறுநீரை வீட்டிலிருந்து சீசாவில் கொண்டுவருவார்கள். கண்ணாடிக் குழாயில் இருக்கும் நீல மருந்தில் அதைச் சில சொட்டு விட்டு நான் காய்ச்ச வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம் இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் ஆள் வகையாக மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். ஊரே கலர் மத்தாப்பு செய்து லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது எனக்கும் ஒரு கலர் வேலை கிடைத்ததில் அப்படி ஒரு சந்தோஷம். ஒவ்வொரு குழாயும் கொதிக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டால் நிற்காது. படிக்கிற காலத்தில் ஜெபக்கூட்டத்திலிருந்தே என்னை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். போதாததற்கு நான் நல்ல குண்டு. எங்கள் டாக்டரோ காய்ந்த முருங்கைக்காய் மாதிரி இருப்பார். இளம் வயது, கடுமையான வாய். "உடம்பக் குறைங்க, உடம்பக் குறைங்க" என்று அவர் நோயாளிகளைப் பார்த்துக் கத்தும்போதெல்லாம், பின்னால் நிற்கிற நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வேன்.

அவர் கத்துவதற்கும் காரணம் இருந்தது. இன்சுலின் குப்பிகள் மதுரையிலிருந்து எண்ணி எண்ணித்தான் வரும். ஐஸ் பெட்டி எங்களுக்குக் கேள்விப்பட்ட பொருள்தான் என்பதால், ஈர மணல் போட்ட மண்பானைக்குள் குப்பிகளை வைத்திருந்தோம். பக்கத்து வார்டிலோ தீக்காயத்துக்குக் கட்டுத்துணி போதாது, களிம்பு போதாது. "வெடிச்சுக் கருகி வாறாளே ஒரு பொம்பள, அவ தானாத் தேடிக்கிட்டது இல்ல. நீங்க வாயால தேடிக்கிட்டது. உங்க நாக்குக்கு ஊரு வரிப்பணம் அழணுமா?" திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை இதைச் சொல்லுவார். பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

ஒருவரைத் தவிர. அவர் காலண்டர்காரர். அச்சாபீஸ் ஒன்றுக்காகக் கடை கடையாகப் போய்க் காலண்டர் ஆர்டர் பிடிக்கிறவர். ஆள் அகலமும் உயரமும் ஒன்றுபோல இருப்பார். சட்டையில் வயிற்றுக்கு நேரே ஒரு பித்தான் எப்போதும் அறுந்திருக்கும். தினமும் காலையில் வந்து ஊசி போட்டுக்கொண்டு, விருதுநகர், ராஜபாளையம் என்று ஆர்டருக்குப் பஸ் ஏறிவிடுவார்.

"டாக்டரய்யா, ஒரு நியாயத்தக் கேளுங்க" என்று அவர் பதில் சொல்லுவார். "ஆர்டர் பிடிக்கப் போனா அண்ணாச்சி தட்டுல ஜிலேபி வைக்காரு. வேண்டாம்னு சொன்னா முகம் சுருங்கும். முகம் சுருங்குனா ஆர்டர் சுருங்கும். நான் எனக்காகவா திங்கேன்? கம்பெனிக்காகத் திங்கேன்."

நான் அலமாரிக் கதவைத் திறந்து அதற்குள் தலையை விட்டுச் சிரித்துக்கொள்வேன்.

ஒரு திங்கட்கிழமை அவரை எடை பார்க்கச் சொன்னார் டாக்டர். எங்கள் எடை மிஷினில் அவர் ஏறியதும் முள் ஒரு ஓரத்தில் போய் முட்டிக்கொண்டது. அவர் இறங்கிய பிறகும் அது திரும்பி வரவில்லை. டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, "எதுத்தாப்புல லாரி ஆபீஸ் இருக்குல்ல, அங்கன கூட்டிட்டுப் போய் நிறுத்துட்டு வாங்க" என்று என்னிடம் சொன்னார்.

லாரி ஆபீசில் பட்டாசுப் பெட்டி நிறுக்கிற பெரிய மேடைத் தராசு இருந்தது. காலண்டர்காரர் கம்பீரமாக அதில் ஏறி நின்றார். தராசுக்காரர் தலையைத் தூக்காமலே, "எந்த ஊரு லோடு?" என்று கேட்டார்.

"கல்கத்தா. உடையுற சாமான், பாத்து இறக்கணும்" என்றார் இவர்.

சுமை தூக்குகிறவர்கள் வேலையைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றுகொண்டார்கள். இவர் இறங்குகிறவர் சும்மா இறங்கினாரா? "நர்சம்மா, நீங்களும் ஒருக்க ஏறுங்க. ஆள் இல்லாம வெறும் தராசப் பாத்தா எனக்கு மனசு கேக்கல" என்றார். வெள்ளைச் சீருடையும் தொப்பியுமாக நான் ஏறினேன். "ரெண்டும் ஒரே பார்ட்டிதானா? ஒரே பில்லாப் போட்டுரவா?" என்று தராசுக்காரர் கேட்டார். பட்டாசுப் பெட்டிகளின் மேல் சாய்ந்து நான் சிரித்த சிரிப்பில் கண்ணெல்லாம் தண்ணீர். திரும்பி வந்து டாக்டர் "எவ்வளவு?" என்று கேட்டபோதுதான், எடை என்னவென்று இரண்டு பேருமே பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

டாக்டர் அன்றைக்கு நிஜமாகவே கோபப்பட்டார். "அடுத்த திங்கள்கிழமையும் செங்கல் கலர்ல வந்துச்சுன்னா, இங்க உங்களுக்கு ஊசி கிடையாது. சம்பாதிக்கீகல்ல, காசு கொடுத்து வெளிய வாங்கிக்கோங்க" என்றார். காலண்டர்காரர் முதல் தடவையாகப் பதில் சொல்லாமல் போனார்.

அடுத்த திங்கட்கிழமை அவர் வந்தார். சவரம் செய்து, பித்தானெல்லாம் தைத்த சட்டை போட்டிருந்தார். கூடவே அவர் மனைவியும் வந்திருந்தார். அந்த அம்மாவை நான் அதுவரை பார்த்ததில்லை. தீக்குச்சி மாதிரி மெலிந்த உடம்பு. உள்ளே வராமல் வெளிப் பெஞ்சிலேயே சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நர்சம்மா, இன்னைக்குப் பாருங்க. ஆகாசம் மாதிரி நீலமா நிக்கும்" என்று சீசாவை என்னிடம் நீட்டினார் காலண்டர்காரர். நான் சொட்டு விட்டுக் காய்ச்சினேன். டாக்டர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். நீலம் நிற்கவில்லை. பச்சையிலும் தங்கவில்லை. மஞ்சளைத் தாண்டி நேராகச் செங்கலுக்குப் போனது. அவருக்கு அதுவரை வந்த எந்தச் செங்கலையும்விடச் சிவப்பான செங்கல்.

"எந்தக் கல்யாண வீடு?" என்று கேட்டார் டாக்டர்.

காலண்டர்காரர் குழாயைப் பார்த்து அலறினார். "இருக்கவே முடியாதுய்யா! மருந்து கெட்டுப்போச்சு. அந்த ஆளு இனிப்பையே தொடாத ஆளு!"

"எந்த ஆளு?"

காலண்டர்காரரின் கண் மெதுவாக வாசல் பெஞ்சுப் பக்கம் போனது. "எங்க வீட்டம்மாவோடதுங்கய்யா" என்றார்.

நான் மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிறவள்போலக் குனிந்துவிட்டேன். உள்ளே பெஞ்சில் இருந்தவர்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். டாக்டருக்கே வாயோரம் துடித்தது. ஆனால் சிரிப்பு முழுசாக வருவதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. குழாயைத் திரும்ப எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் உள்ள வாங்க" என்று கூப்பிட்டார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை.

தாகம் எடுக்குமா என்று கேட்டார். "எம்புட்டுத் தண்ணி குடிச்சாலும் நாக்கு ஒட்டிக்கிடுது. நம்ம ஊரு வெயிலுன்னு இருந்துட்டேன்" என்றார் அந்த அம்மா. உள்ளங்கால் எரியுமாம். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதாம். வீட்டு வேலையில் உடம்பு கரைகிறது என்று பக்கத்து வீட்டார் சொன்னதை நம்பிவிட்டாராம். இன்னொரு முறை புதிதாக வாங்கிக் காய்ச்சினேன். அதே செங்கல்தான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அந்த அம்மா குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க இங்கன பேசுறத இவுக வீட்டுல வந்து ஒரு வார்த்தை விடாம ஒப்பிப்பாக. வாயால தேடிக்கிட்டதுன்னு சொல்லுவீகளாமே. நான் எந்த வாயால தேடிக்கிட்டேன்? இவுகளுக்கு வச்ச பாகக்காயத்தான நானும் தின்னேன்?"

டாக்டர் கழுத்தில் கிடந்த குழலைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இல்லம்மா. இது யாருக்கு வரும், யாருக்கு வராதுன்னு எனக்கே முழுசாத் தெரியாது" என்றார்.

காலண்டர்காரர் கண் கலங்கிப்போய் முன்னால் வந்தார். "எனக்குப் போடுற ஊசிய இவளுக்குப் போட்டுருங்கய்யா. எனக்கு வேண்டாம்."

"ஆமா, ரொம்பப் பெரிய தியாகி!" என்று திரும்பினார் அந்த அம்மா. "ஊசி வேண்டாம்னா இந்த ஊருலயே மொதல்ல சந்தோசப்படுற ஆளு நீங்கதான! எதுக்குன்னு சொல்லாம எங்கிட்ட வாங்குன சீசாவ ஏன் இங்கன குடுத்தீக, அதச் சொல்லுங்க மொதல்ல."

"நீ ஒல்லியா இருக்கியே, சுத்தமா இருக்கும்னு நெனச்சேன்..." என்று அவர் இழுக்க, அடக்கி வைத்திருந்த சிரிப்பு எனக்கு மறுபடியும் பீறிட்டது. இந்தத் தடவை டாக்டரும் சேர்ந்து சிரித்தார். அவர் பல் வரிசையை அன்றைக்குத்தான் பார்த்தேன். அழகான பல் வரிசை.

இரண்டு நாள் கழித்து டாக்டர் தானே மதுரைக்குப் பஸ் ஏறினார். மேலதிகாரிகளிடம் என்ன பேசினார், யாரிடம் சண்டை போட்டார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. சாயங்காலம் ஈரத்துணி சுற்றிய இன்சுலின் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்த்துவிட்டு வருகிற மாப்பிள்ளை மாதிரி முகத்தோடு திரும்பி வந்தார். கட்டுத்துணியும் கூடுதலாக ஒரு மூட்டை வாங்கி வந்திருந்தார். அதற்குப் பிறகும் அவர் கத்தத்தான் செய்தார். ஜிலேபியை விடச் சொல்லி, நடக்கச் சொல்லிக் கத்துவார். ஆனால் வாயால் தேடிக்கொண்டது என்ற வார்த்தையும் நாக்குக்கு வரிப்பணம் என்ற வார்த்தையும் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்கவில்லை.

அந்த அம்மாவுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தேன். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைப்பதிலிருந்து அளவு பார்ப்பது வரை சீக்கிரம் பிடித்துக்கொண்டார். தனக்குத் தானே போட்டுக்கொள்ளும்போது கொஞ்சம் முகம் சுளிப்பார். வீட்டுக்காரருக்குப் போடும்போது முகம் மலர்ந்துவிடும். "நர்சம்மா, இம்புட்டு வருசம் வாயாலயே குத்திக்கிட்டு இருந்தேன். இது எம்புட்டு லேசா இருக்கு!" என்றார். காலண்டர்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "அளவா குத்து, அளவா குத்து" என்று கெஞ்சினார்.

சீசன் தொடங்கியதும் ஆர்டருக்கு அந்த அம்மாவும் கூடவே பஸ் ஏறிவிட்டார். விருதுநகரில் ஒரு பருப்புக்கடையில் நடந்ததைக் காலண்டர்காரரே நடித்துக் காட்டினார். கடைக்காரர் வழக்கம்போல ஜிலேபித் தட்டை நீட்டியிருக்கிறார். இந்த அம்மா, "அண்ணாச்சி, எங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் சர்க்கரை. நீங்க இதத் தந்தீகன்னா அடுத்த வருசம் காலண்டர் கொண்டாற ஆள் இருக்காது" என்று சொல்லிவிட்டார். கடைக்காரர் பதறிப்போய் மோர் வரவழைத்தாராம். முகமும் சுருங்கவில்லை, ஆர்டரும் சுருங்கவில்லை. "இது தெரியாம இத்தன வருசம் கம்பெனிக்காகத் தின்னுருக்கேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சாயங்காலம் இருவரும் விஸ்வநத்தம் ரோட்டில் நடப்பார்கள். வேலை சீக்கிரம் முடிந்த நாட்களில் நானும் சேர்ந்துகொள்வேன். நடந்ததில் எனக்குப் பசிதான் கூடியது. அவருக்கு வயிறு கொஞ்சம் இறங்கியது, அந்த அம்மாவுக்குக் கன்னம் கொஞ்சம் ஏறியது. ஒருநாள் காலண்டர்காரரின் குழாய் நிஜமாகவே நீலமாக நின்றுவிட்டது. என்னால் நம்ப முடியவில்லை. "இது யாரோடது?" என்று கேட்டேன். "சத்தியமா என்னோடதுதான்!" என்று அவர் குதித்தார். குதித்த வேகத்தில், "இதுக்கு ஒரு மைசூர்பாகாவது..." என்று ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மா ஒரு பார்வை பார்த்தார். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எனக்கு விருதுநகருக்கு மாற்றல் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு இருவரும் வழியனுப்ப வந்தார்கள். அந்த அம்மா அவித்த பனங்கிழங்குக் கட்டு ஒன்றை என் மடியில் வைத்தார். "நமக்கும் ரெண்டு எடுத்து வச்சிருக்கியா?" என்று காலண்டர்காரர் கேட்டார்.

"டாக்டரய்யாகிட்ட கேட்டீகளா?"

"கேட்டா வேண்டாம்னுட்டாருன்னா?"

"அதுக்குத்தான் கேக்கணும்கிறது!"

"அப்ப கேக்காம இருக்கதுதான நல்லது?"

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. எனக்கு டாட்டா காட்ட வேண்டும் என்பதே மறந்துபோய், நடு பஸ் ஸ்டாண்டில் நின்று அந்த இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டி வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்து சீட்டில் இருந்த பெண், "உங்க அப்பா அம்மாவா?" என்று கேட்டார். வாய் நிறையக் கிழங்கும் வயிறு குலுங்கச் சிரிப்புமாக இருந்த நான், பதில் சொல்ல முடியாமல் கையை மட்டும் ஆட்டினேன்.