பின்வாசல் வழியாகப் போகாதீர்கள்

உப்பளம் என்ற பகுதியில், குடியை நிறுத்தும் இல்லம் ஒன்றில் நான் வார்டு பொறுப்பாளன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் டாக்டரம்மாவே என் நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார்.

1. ஐஸ் சேகர்

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவன் சேகர். மூன்றாவது முறையாகச் சேர்ந்திருந்தான். ஒரு நாள், "நீதாண்ணே என் தெய்வம்" என்பான். மறுநாள், "உன் மூஞ்சில முழிக்கமாட்டேன், போய்யா!" என்று தட்டை எறிவான். சுவரேறிக் குதித்துக் குடித்துவிட்டு வருவான்.

"திமிரு. இன்னொரு தடவ குதிச்சா வெளியதான்" என்றார் மேனேஜர்.

வெளியே அனுப்பினால் அவன் குடித்தே செத்துப்போவான். எனக்குத் தெரியும்.

2. என் நோட்டு

டியூட்டி முடிந்தால் நோயாளிகளிடம் சொல்லாமல் பின்வாசல் வழியாக நழுவுவது எங்கள் வழக்கம். சொன்னால் அழுவார்கள் என்று அதை ஆரம்பித்ததே நான்தான். சேகர் ரகளை செய்த நாட்களை நோட்டில் குறித்தேன். டியூட்டி சார்ட்டோடு ஒப்பிட்டால், எல்லாமே நானோ கவுன்சிலரோ லீவு போட்ட நாள், அல்லது திரும்பிய நாள்!

நோட்டைப் படித்த டாக்டரம்மா அவசரப்படவில்லை. குடி முழுசாக இறங்கச் சில வாரம் விட்டார். பிறகு அவனிடமும் அவன் அக்காவிடமும் தனித்தனியாகப் பேசினார். குடிக்கு முன்பிருந்தே அவன் அப்படித்தானாம்.

"இது திமிர் இல்ல சார். பார்டர்லைன் பர்சனாலிட்டின்னு ஒரு மனக்கோளாறு. விட்டுட்டுப் போயிடுவாங்களோன்னு உயிர் போற பயம். குடியையும் இதையும் சேர்த்துத்தான் பாக்கணும்" என்றார். மேனேஜர் அடங்கினார்.

ஆத்திரம் வந்தால், அது தணியக் கையில் ஐஸ் பிடிக்கச் சொன்னார் கவுன்சிலர். சேகர் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பத்து வருசமா நான் புடிக்காத ஐஸா சார்?"

வார்டே சிரித்தது. "அப்போ மாடிப்படி ஏறுடா" என்றேன் நான். அதுதான் பலித்தது. கூடவே ஏறியதில் என் தொப்பையும் கரைந்தது.

3. நாலு நாள் லீவு

மகள் கல்யாணம் வந்தது. முதல்முறையாக அவன் எதிரில் நின்று சொன்னேன்: "சேகரு, நாலு நாள் வரமாட்டேன். வெள்ளிக்கெழம காலைல எட்டு மணிக்கு வந்துடுவேன்."

அவன் முகம் கறுத்துவிட்டது. நேராக மாடிப்படிக்குப் போனான். பந்தியில் நின்றபோதும் எனக்கு அவன் நினைப்புதான்.

வெள்ளிக்கிழமை வந்தால், குளித்துத் தலை சீவி வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

"பதினஞ்சு நிமிசம் லேட்டுண்ணே! எத்தினி தடவ படி ஏறினேன்னு எனக்கே தெரியாது. ஆனா செவுரு ஏறல."

கல்யாண லட்டை அவன் வாயில் திணித்தேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, சொல்லிவிட்டு முன்வாசல் வழியாகப் போங்கள். சொன்ன நேரத்துக்கு வாருங்கள். என் சர்வீஸிலேயே நான் லேட்டானது அந்த ஒரு நாள்தான். இன்றும் பார்க்கும்போதெல்லாம் சேகர் அதைச் சொல்லிக்காட்டுகிறான்.